புதிய எருசலேமில் இடம் போதுமா?

கேள்வி, 21 அக்டோபர் 2023

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல் 21:16-ல், புதிய எருசலேம் என்ற பரிசுத்த நகரம் பன்னீராயிரம் ஸ்தாதி (பழைய கிரேக்க நீள அளவு) என்று அளவு போட்டிருக்கிறது. ஆதாம் முதல் இன்றுவரை உள்ள விசுவாசிகள் எல்லாரும் அதற்குள் கொள்ளுவார்களா? எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒருவர் "கொள்ளாது, அதனால்தான் 1,44,000 பேர் மட்டும்" என்று சாதிக்கிறார். கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லவும்.

21 அக்டோபர், இரவு

கணக்கு என்றால் நான் வரத்தான் வேண்டும். முப்பத்தொரு வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். வரப்புத் தகராறில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினவனுக்கு, பொற்கோலோடு நகரத்தை அளக்கப் போகிற தேவதூதனைப் பார்த்தால் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். அவனிடம் போய் யாரும் "எங்க அப்பா காலத்துல கல்லு அங்க கிடந்துச்சு" என்று நிற்கவில்லை. கொடுத்து வைத்தவன்.

பன்னீராயிரம் ஸ்தாதி சுமார் 2,400 கிலோமீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றும் அதே அளவு. தரைப்பரப்பு மட்டும் 57 லட்சத்து 60 ஆயிரம் சதுர கிலோமீட்டர் வருகிறது. இந்தியா முழுக்கச் சேர்த்தாலும் 33 லட்சம்தான். அதற்கு மேல் எத்தனை மாடி என்று, இந்தத் தரிசனத்தைக் கண்டு எழுதின யோவான் சொல்லவில்லை. இடம் தாராளமாகப் போதும்.

1,44,000-க்குக் கணக்கே தேவையில்லை. 7-ம் அதிகாரத்தில், முத்திரை போடப்பட்டவர்கள் என்று அந்த எண்ணைச் சொல்லி முடித்த கையோடு, 9-ம் வசனத்தில் ஒருவனும் எண்ணக்கூடாத திரளான கூட்டம் வந்து நிற்கிறது. யெகோவாவின் சாட்சிகள் இரண்டையும் பிரித்து, 1,44,000 பேர் பரலோகத்துக்கு, மிச்சப்பேர் பரதீசாக மாறும் பூமிக்கு என்று பங்கு வைப்பார்கள். உங்கள் வாலிபர் அந்தப் பங்கில் பாதியை மட்டும் வாங்கி வந்திருக்கிறார் போல.

22 அக்டோபர்

தப்பு. சர்வேயர் என்று பீற்றிக்கொண்டு முதல் அளவையே தப்பாகப் போட்டிருக்கிறேன். 2,400 என்பது ஓய்வுநாள் பாடசாலையில் காதில் விழுந்த "1,500 மைல்" கணக்கு. ஒரு ஸ்தாதி ஏறக்குறைய 185 மீட்டர். அப்படியானால் ஒரு பக்கம் 2,220 கிலோமீட்டர். பரப்பு 49 லட்சத்து 28 ஆயிரம். கன்னியாகுமரியில் ஒரு கல்லை ஊன்றி வடக்கே நேர்கோடு பிடித்தால் டெல்லிக்குக் கொஞ்சம் முன்னால் அடுத்த கல்.

மாடி கணக்கும் போட்டுவிட்டேன், தூக்கம் வரவில்லை. கன அளவு சுமார் 1,094 கோடி கன கிலோமீட்டர். இன்று பூமியில் உயிரோடிருக்கும் 800 கோடிப் பேரையும் குடிவைத்தால் ஆளுக்கு ஒரு கன கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும். பட்டா மாறுதல் கிடையாது.

ஆனால் கணக்கைப் போடப் போடக் கட்டடம் ஆட்டம் காணுகிறது. அடுத்த வசனத்தில் மதிலின் அளவு 144 முழம். முழத்துக்கு 45 சென்டிமீட்டர் வைத்தால் 65 மீட்டர் வரும். உயரமா, கனமா என்று எழுதவில்லை. உயரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2,220 கிலோமீட்டர் உயரமுள்ள நகரத்துக்கு 65 மீட்டர் மதில். பத்து மீட்டர் உயர வீட்டைக் கட்டிவிட்டு, மூன்று தாள்களை அடுக்கின கனத்துக்குக் காம்பவுண்டு எழுப்பின மாதிரி. ஆடு தாண்டும் என்று சொல்லக்கூட முடியாது, எறும்பே தாண்டும்.

இன்னொன்று, பூமி உருண்டை. தட்டையான தளத்தை அதன்மேல் வைத்தால், நடுப்பகுதி தரையைத் தொடும்போது பக்கங்கள் 97 கிலோமீட்டர் அந்தரத்தில் தொங்கும். பிளான் அப்ரூவல் ஆகாது.

25 அக்டோபர்

மேலே கிண்டலாக எழுதியதைப் பார்த்து ஒருவர், வேதத்தைப் பரிகாசம் பண்ணாதே என்று கண்டித்திருக்கிறார். பரிகாசம் பண்ணவில்லை ஐயா. அளந்து பார்த்ததில் ஒன்று தட்டுப்பட்டது, அதைச் சொல்கிறேன்.

உலகத்தில் எந்த ஊரும் நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாக இருக்காது. புலப்படத்தில் ஊருக்கு உயரமே கிடையாது. ஆனால் வேதத்தில் இதற்கு முன் ஒரே ஒரு இடம் மூன்று பக்கமும் சமமாக அளவு கொடுத்து வருகிறது. 1 இராஜாக்கள் 6:20, சாலொமோன் கட்டின ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம். இருபது முழ நீளம், இருபது முழ அகலம், இருபது முழ உயரம், உள்ளே முழுக்கப் பொன் தகடு. நம் அளவில் ஒன்பது மீட்டர் அறை. பிரதான ஆசாரியன் ஒருவன்தான் உள்ளே போகலாம். அவனும் வருஷத்தில் ஒருநாள், இரத்தத்தோடு.

யோவான் அந்த அறையைத்தான் நகரம் ஆக்கிவிட்டார். பொன்னும் அங்கிருந்து வந்ததுதான். பன்னிரண்டு அஸ்திபாரக் கற்கள் ஆசாரியனின் மார்ப்பதக்கத்தை நினைப்பூட்டுகின்றன. அதுவும் சதுரம், அதிலும் பன்னிரண்டு கல். (நம் ஆட்கள் நவரத்தினத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், இங்கே வச்சிரக்கல்லில் தொடங்கிச் சுகந்தி வரைக்கும் போகிறது.) அதனால்தான் 22-ம் வசனத்தில் "அதிலே தேவாலயத்தை நான் காணவில்லை" என்கிறார். கருவறையே ஊர் அளவுக்கு விரிந்தபின் தனியாகக் கோயில் எதற்கு? வருஷத்தில் ஒருநாள் ஒருவனுக்கு மட்டும் விலகின திரை போய், பன்னிரண்டு வாசல், ஒருநாளும் அடைப்பதில்லை.

பன்னீராயிரத்தில் பன்னிரண்டு இருக்கிறது. 144-ல் பன்னிரண்டு பன்னிரண்டு தடவை இருக்கிறது. கிலோமீட்டராக மாற்றினதும் இரண்டும் காணாமல் போகிறது. சில ஆங்கில மொழிபெயர்ப்புகளில் மைலாக மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள். அதை வாசிக்கிறவனுக்குப் பன்னிரண்டு கண்ணிலேயே படாது. நம் பழைய தமிழ் வேதாகமம் ஸ்தாதி, முழம் என்றே விட்டுவைத்தது புண்ணியம்.

ஆகவே 22-ம் தேதிக் குறிப்பின் இரண்டாம் பத்தியைத் தள்ளிவிடுங்கள். தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

26 அக்டோபர்

சின்னத் திருத்தம் இல்லை, சின்னச் சந்தோஷம். ஹெரொடோட்டஸ் என்ற கிரேக்கர் பாபிலோனை வர்ணிக்கும்போது, சதுரமான ஊர், பக்கத்துக்கு 120 ஸ்தாதி என்று எழுதுகிறார். யோவானின் எருசலேம் பக்கத்துக்கு அதைப்போல நூறு மடங்கு. அதை வாசித்துத்தான் இதை எழுதினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாபிலோனும் எருசலேமும் இந்தப் புத்தகத்தில் எதிரும் புதிருமான இரண்டு பெண்கள். 17:1-லும் 21:9-லும் ஏழு கலசத் தூதர்களில் ஒருவன் வந்து, வா, காண்பிக்கிறேன் என்று கூப்பிடுகிறான். முதலில் வேசியைக் காட்டுகிறான், பிறகு மணவாட்டியை.

29 அக்டோபர், ஞாயிறு

இன்றைக்கு ஆராதனையில் வழக்கம்போல "நாம் எல்லாரும் மேலே போவோம்" என்று பிரசங்கம். ஆமென் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து 21-ம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். இறங்கி வருகிறது ஐயா. "பரலோகத்தைவிட்டு இறங்கிவரக்கண்டேன்" என்று எழுதியிருக்கிறது. "இதோ, மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது" என்று சிங்காசனத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது. வீடு மாறி வருகிறவர் அவர். நாம் சாமான் கட்டிக்கொண்டு கிளம்பின மாதிரியே அறுபது வருஷம் பாடியிருக்கிறோம்.

உடனே 1 தெசலோனிக்கேயர் 4:17-ஐக் காட்டுவீர்கள், மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று. அங்கே கர்த்தருக்கு "எதிர்கொண்டு" போவதாகத்தான் இருக்கிறது. அதே கிரேக்கச் சொல் அப்போஸ்தலர் 28:15-ல் வருகிறது. பவுல் ரோமுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டுச் சகோதரர்கள் அப்பியு புரம் வரைக்கும் வந்து எதிர்கொள்கிறார்கள்; பிறகு அவரோடு ரோமுக்குத் திரும்புகிறார்கள். பத்துக் கன்னிகைகள் உவமையிலும் அதே சொல்.

எங்கள் ஊரில் பேராயர் வந்தால் எல்லையில் இருக்கிற ஆலமரத்துக்குப் போய் மேளத்தோடு நிற்போம். கார் நிற்கும், மாலை விழும், பாட்டுப் பாடிக்கொண்டு அவரோடு ஊருக்குள் வருவோம். அவர் காரில் தொற்றி ஏறிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினவர் என்று யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

கர்த்தர் இரகசியமாக வந்து விசுவாசிகளை மேலே எடுத்துக்கொண்டு போய்விடுவார், "இரகசிய வருகை" என்று நம் கூட்டங்களில் சொல்வதை இன்றிருக்கிற வடிவத்தில் பரப்பினவர் ஜான் நெல்சன் டார்பி, 1830-களில். அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம். இதைச் சபையில் சொன்னால் என்னை எல்லைக்குக் கொண்டுபோய் விடுவார்கள், மேளம் இல்லாமல்.

31 அக்டோபர்

இறங்கி வருகிறது என்றால் எங்கே இறங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கக் கூடாத கேள்வி அது. இடம் பார்த்துக் கல் ஊன்றினவர்கள் கதையெல்லாம் மோசமாகத்தான் முடிந்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் மொந்தானு என்பவரைப் பின்பற்றின கூட்டத்தார், இன்றைய துருக்கியில் இருக்கிற பெப்பூசாவில் இறங்கும் என்றார்கள். மெல்கியோர் ஹோஃப்மன் என்பவர் ஸ்ட்ராஸ்பர்க் என்றார், 1533 என்று வருஷமும் சொன்னார். அந்த ஊர்க்காரர்கள் அவரைச் சிறையில் போட்டார்கள், அங்கேயே செத்தார்.

அவர் வழி வந்தவர்கள் ஜெர்மனியின் மூன்ஸ்டரைப் பிடித்து, 1534-ல் அதையே புதிய எருசலேம் ஆக்கினார்கள். லைடன் யான் என்ற தையல்காரர் ராஜாவாக முடிசூட்டிக்கொண்டார். ஆளுக்குப் பல மனைவிகள், சொத்தெல்லாம் பொது. வெளியே பேராயரின் படை முற்றுகை, உள்ளே பஞ்சம். 1535 ஜூனில் ஊர் விழுந்தது. தலைவர்கள் மூன்று பேரின் உடலை இரும்புக் கூண்டுகளில் வைத்து லம்பேர்ட்டு ஆலயக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். கூண்டுகள் இன்றைக்கும் அங்கே தொங்குகின்றன.

"ஒருநாளும் அடைக்கப்படாத வாசல்" என்று வாசித்த ஜனம் முதல் காரியமாகக் கதவைச் சாத்தினதுதான் எனக்குப் புரியவில்லை.

2 நவம்பர்

இன்று கல்லறைத் திருநாள். நான் சி.எஸ்.ஐ., என் வீட்டுக்காரி கடற்கரை ஊர்க் கத்தோலிக்கக் குடும்பம். வருஷாவருஷம் மெழுகுவர்த்திப் பாக்கெட்டும் சாமந்திப் பூவும் சுமப்பது என் வேலை. அவள் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக, அதாவது செத்தபின் சுத்திகரிக்கப்படுகிறவர்களுக்காக, ஜெபமாலை சொல்வாள். நான் வேப்பமரத்து நிழலில் நின்று கல்வெட்டு வாசிப்பேன். "கர்த்தருக்குள் நித்திரை", "விண்ணகம் சேர்ந்தார்", "இறைவனடியில்", "உயிர்ப்பின் நம்பிக்கையில்". ஒரே வரிசையில் நாலு கல், நாலு விதமாகச் சொல்கிறது. தூங்குகிறார்களா, போய்ச் சேர்ந்துவிட்டார்களா, காத்திருக்கிறார்களா?

இதில் நாம்தான் குழம்புகிறோம் என்று இல்லை. போப் இருபத்திரண்டாம் யோவான் 1331-ல் சகல பரிசுத்தவான்கள் திருநாளில் ரோமில் பிரசங்கம் பண்ணும்போது, நீதிமான்களின் ஆத்துமாக்கள் கடைசி நியாயத்தீர்ப்பு வரைக்கும் தேவனை முகமுகமாய்க் காணாது என்று சொல்லிவிட்டார். பெரிய ரகளை. 1334-ல் மரணப்படுக்கையில் அதை வாபஸ் வாங்கினார். அடுத்த போப் பன்னிரண்டாம் பெனடிக்டு 1336-ல், சுத்திகரிப்பு தேவைப்படாதவர்கள் செத்த உடனே காண்பார்கள் என்று தீர்மானமாக எழுதி வைத்தார்.

சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளனுக்கு, "இன்றைக்கு" என்னோடு பரதீசில் இருப்பாய் என்று சொன்ன ஆண்டவர்தான், கடைசி நாளில் எழுப்புவேன் என்றும் சொன்னார். எனக்குத் தெரிந்து ஒருத்தி இதில் குழம்பவில்லை, என் மாமியார். அது பெரிய கதை. நாளைக்கு.

3 நவம்பர்

ரோம் இல்லை, அவிஞ்ஞோன். அந்தக் காலத்தில் போப்புகள் பிரான்ஸ் பக்கம் இருந்தார்கள். திருத்தினவருக்கு நன்றி. கதை இன்றைக்கு முடியாது, பேரனுக்குக் காய்ச்சல்.

9 நவம்பர்

மாமியார் கதை.

அவர்களுக்கு எண்பத்து மூன்று வயது. கடைசி நான்கு மாதம் எங்கள் வீட்டில்தான் கிடந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து கடல் முப்பது கிலோமீட்டர். ராத்திரி சத்தமே இல்லை, தூக்கம் வரவில்லை என்பார்கள். ஒருநாள் சாயங்காலம் கேட்டார்கள்: "மருமகனே, அங்க கடல் கிடையாதாமே? அடக்கப் பூசையில சாமி வாசிச்சாரு."

வெளிப்படுத்தல் 21:1. "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று." கேட்டது யாரிடம்? ஓய்வு பெற்றவனிடம், குறிப்புரை நூல்கள் வாங்கி அடுக்கி வைத்திருப்பவனிடம். வேதாகமத்தை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் விளக்கினேன். தானியேலுக்கு நாலு மிருகமும் சமுத்திரத்திலிருந்து வந்தது, வெளிப்படுத்தல் 13-லும் மிருகம் அங்கிருந்துதான் எழும்பி வருகிறது. பாபிலோன் கப்பல் வியாபாரத்தில் கொழுத்தது. யோவான் பத்மு தீவில் கைதி, நாலு பக்கமும் கடல்தான் அவருக்குச் சிறைச்சுவர். ஆகையால் கடல் என்றால் தீமை, பிரிவு, கலக்கம். அது இல்லாமல் போவது நல்ல செய்தி. இப்படி.

"சரி" என்றார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தார்கள்.

இது நடந்து ஆறு வருஷம். நான் நல்ல விளக்கம் கொடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை வேதபாடக் கூட்டத்தில் உதாரணமாகவும் சொல்லியிருக்கிறேன். போன வாரம் கல்லறையிலிருந்து வரும்போது வீட்டுக்காரி கடற்கரைக்குப் போகச் சொன்னாள். சிரட்டையை மணலில் புதைத்து, காற்று படாமல் அதற்குள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவளுடைய பெரிய அண்ணனுக்கு. ஒரு ஐப்பசியில் போன வள்ளம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, கல்லறை கிடையாது. மாமியார் இருந்தவரைக்கும் அவர்கள்தான் ஏற்றுவார்களாம். சிரட்டைக்குள் எரிவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா அன்னைக்கு அண்ணனைத்தான் கேட்டாங்க. உங்களுக்கு வெளங்கல."

கடல் இல்லாமல் போனால் அதில் கிடக்கிற பிள்ளை என்ன ஆவான்? அந்த அம்மாள் கேட்டது அவ்வளவுதான். நான் பத்முவுக்குப் போய்விட்டேன்.

10 நவம்பர்

நேற்றையதற்கு நிறையப் பேர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். கேள்விக்குப் பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

வேறு விஷயம். பாட்டுகளில் "பொன் வீதிகள்" என்று பன்மையில் பாடுகிறோம். 21:21-ல் வீதி ஒருமை. பன்னிரண்டு வாசல், ஒரே வீதி. கதவு இலக்கம் தேட வேண்டாம்.

23 டிசம்பர்

ஒரு வாரம் மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை. 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டில் இடுப்பளவு. கீழ்த்தட்டில் இருந்த குறிப்புரை நூல்கள் எல்லாம் ஊறி இட்லி மாதிரி ஆகிவிட்டன. பெரிய எழுத்து வேதாகமம் அலமாரி உச்சியில் இருந்ததால் தப்பித்தது.

மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது, தண்ணீர் என்றால் கலக்கம் என்று நான் சொன்னது சரிதானே என்று வீட்டுக்காரியிடம் வாயைக் கொடுத்தேன். "வந்தது குளம் உடைஞ்ச தண்ணி. கடலு என்ன செஞ்சுச்சு? அது வாங்கிக்கிட்டுதான இருக்கு" என்றாள். பதில் இல்லை.

6 ஜனவரி 2024

வீட்டைக் கழுவி ஒரு வழியாக மேசை போட்டாயிற்று. இன்று காலை அந்தப் பெரிய எழுத்து வேதாகமத்தைத் திறந்தேன். என் பிரதியில் 20-ம் அதிகாரத்தின் கடைசியும் 21-ன் தொடக்கமும் ஒரே பக்கம். இடது பத்தியின் அடியில் 20:13: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." வலது பத்தியின் மேலே 21:1, சமுத்திரமும் இல்லாமற்போயிற்று.

முதலில் ஒப்புவிக்கிறது. அதற்கப்புறம்தான் இல்லாமல் போகிறது. மரணமும் பாதாளமும் ஒப்புவிப்பதற்கு முன்னாலேயே கடலைத் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. நியாயத்தீர்ப்பு வசனம் அது, பயமுறுத்துகிற வசனம் என்றுதான் இத்தனை நாள் வாசித்து வந்தேன். கணக்கு ஒப்படைக்கிற மாதிரி, ஒரு ஆள் குறையாமல்.

அடுப்படிக்குப் போய் அவளிடம் வாசித்துக் காட்டினேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினாள். இடது பக்கம் விரல் வைத்து வாசித்தாள், வலது பக்கம் விரல் வைத்து வாசித்தாள். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு அம்மா கட்டில் பக்கத்துல உட்கார்ந்தப்போ இந்தப் புஸ்தகம்தான கையில வச்சிருந்தீங்க?"